பாஸ் மீனுக்கு எந்த ஜிக்?

தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தையோ டங்ஸ்டனையோ தலையாகப் பொருத்தி, அதன் பின்னால் ரப்பர் நார்க் குஞ்சம் கட்டினால் அது ஜிக். எந்த உயிரினத்தையும் அச்சு அசலாக ஒத்திராத இந்தப் பொய் இரை, அமெரிக்க ஏரிகளில் பெரிய பாஸ் மீனைத் தேடிப் போகிறவர்களின் பெட்டியில் தவறாமல் இருக்கும். கடல் தூண்டில்காரர்கள் பாரைக்கும் வஞ்சிரத்துக்கும் ஆழத்தில் இறக்கிக் குலுக்கும் உலோக ஜிக் வேறு, இது வேறு. இது பெரும்பாலும் தரையைத் தொட்டு நகர்வது. புதருக்குள்ளும் பாறை இடுக்கிலும் புகுந்து வெளிவருவது.

கடைகளில் ஜிக் பல நூறு வகைகளில் தொங்குகிறது. உருண்டைத் தலை, கூம்புத் தலை, ரக்பிப் பந்துத் தலை, தட்டைத் தலை என்று வடிவங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு எடைகள், ஒவ்வோர் எடையிலும் பத்துப் பதினைந்து நிறங்கள். தேர்வு செய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஜிக் போய் விழவேண்டிய இடம் தலையின் வடிவத்தைத் தீர்மானிக்கும். ஆழமும் மீனின் சுறுசுறுப்பும் எடையைத் தீர்மானிக்கும். கையிலுள்ள கோலும் நரம்பும் முள்ளைத் தீர்மானிக்கும். நீரின் தெளிவும் அந்த ஏரியின் இரையும் நிறத்தைத் தீர்மானிக்கும். வாங்குபவரின் கண்ணில் முதலில் படும் நிறம், இந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது.

மீனும் அதன் வாயும்

பாஸ் என்று அமெரிக்கத் தூண்டில்காரர்கள் சொல்வது மைக்ரோப்டெரஸ் பேரினத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்களை. பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ், புள்ளி பாஸ் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தமிழகக் கடலோரத்துக் கொடுவாயும் ஆசியக் கடல் பாஸ் என்று அழைக்கப்படுகிறது என்றாலும் அது முற்றிலும் வேறு குடும்பம். பெருவாய் பாஸின் தாயகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. பிடிபடுபவற்றில் பெரும்பாலானவை இரண்டு கிலோவுக்குள் அடங்கும். ஜார்ஜியா மாநிலத்தில் 1932-ல் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதல் எடை கொண்டிருந்ததால், இரண்டும் சமமான உலக சாதனைகளாகப் பதிவாகியுள்ளன.

ஜிக்கின் வடிவம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு இந்த மீன் இரை தின்னும் முறையே விடை. பெருவாய் பாஸ் பெரும்பாலும் துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கித் தாக்குவதை விரும்பும். மூழ்கிய மரம், கோரைப் புதர், படகுத்துறையின் நிழல், பாசிப் பந்தல் என எங்கு மறைவு கிடைக்கிறதோ அங்கு நிற்கும். இரை அருகில் வந்ததும் வாயை அகலத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போனது இரையல்ல என்று தெரிந்தால் அதே வேகத்தில் உமிழ்ந்துவிடும். ஆக ஜிக் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். மறைவுக்குள் சிக்காமல் போக வேண்டும். உறிஞ்சப்பட்ட அந்தச் சில நொடிக்குள் முள் மீனின் வாயில் தைக்க வேண்டும். முதல் வேலைக்குத் தடையில்லாத வழுவழுப்பும் மூடிய முனையும் தேவை. இரண்டாவதற்குத் திறந்த, கூரிய முனை தேவை. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையே செய்துகொள்ளும் சமரசம்தான் ஒவ்வொரு ஜிக் வடிவமும்.

பாஸ் விரும்பும் இரைகளில் ஒன்று கிரேஃபிஷ். இறாலின் உடலும் நண்டின் கொடுக்கும் கொண்ட இந்த நன்னீர் உயிரினம், ஆபத்து நெருங்கினால் பின்வாங்கியபடியே கொடுக்குகளை உயர்த்திக் காட்டும். தரையில் தலை ஊன்றி, வால் பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஜிக் அந்தத் தோற்றத்தையே நினைவூட்டுகிறது. நீர் நடுவே ஓட்டிச் செல்லும்போது அதே ஜிக் சிறு மீனாகத் தோன்றும்.

உறுப்புகள்

ஜிக்கில் ஆறு உறுப்புகள் உண்டு. எடை தரும் தலை, நரம்பைக் கட்டும் வளையம், முள், முள்முனைக்கு முன்னால் விறைத்து நிற்கும் நார்க் காப்பு, குஞ்சம், முள்ளில் செருகப்படும் பிளாஸ்டிக் வால். இந்த வாலை டிரெய்லர் என்பார்கள். பெரும்பாலும் அது தனியாக விற்கப்படும். வாங்குபவரே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஜிக்குகளில் குஞ்சத்துக்குப் பதில் மான் வால் முடி இருந்தது. வாலாகப் பன்றித் தோல் செருகப்பட்டது. உப்பில் பதப்படுத்திப் புட்டியில் அடைத்த பன்றித் தோல் துண்டுகளை விஸ்கான்சின் மாநிலத்தின் அங்கிள் ஜாஷ் நிறுவனம் 1920-களிலிருந்து விற்றுவந்தது. பின்னாளில் மென்பிளாஸ்டிக் மலிவாகவும் பல வடிவங்களிலும் வந்ததும் பன்றித் தோல் ஓரத்துக்குப் போனது. குஞ்சமும் முடியிலிருந்து ரப்பருக்கும், ரப்பரிலிருந்து சிலிகானுக்கும் மாறியது.

வடிவங்கள் இத்தனை கிளைகளாகப் பிரிந்ததில் போட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ரே ஸ்காட் 1967-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் நடத்திய போட்டியோடு பாஸ் பிடிப்பது தொழில்முறை விளையாட்டாக வளரத் தொடங்கியது. 1975-ல் அதே மாநிலத்தின் புல் ஷோல்ஸ் ஏரியில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டீ தாமஸ் வென்றார். அவர் ஜிக்கைத் தொலைவுக்கு வீசவில்லை. நீண்ட கோலைக் கொண்டு, ஊசலாட்டிப் புதரின் நடுவே ஓசையில்லாமல் இறக்கினார். ஃபிளிப்பிங் என்று பெயர்பெற்ற இந்த முறை பரவியதும், அடர்ந்த புதருக்குள் இறங்கி ஏறுவதற்கென்றே கனத்த முள்ளும் விறைப்பான காப்பும் கொண்ட ஜிக்குகள் சந்தைக்கு வந்தன. அதன்பின் மரத்துக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, பாசிக்கு ஒன்று என்று வடிவங்கள் பெருகின.

இடத்துக்கு ஏற்ற தலை

மூழ்கிய மரங்களும் கிளைகளும் உள்ள இடத்துக்கு ஆர்க்கி தலை பொருந்தும். மேலிருந்து பார்த்தால் அகன்று, பக்கவாட்டில் சற்றுத் தட்டையாகத் தெரியும் இந்தத் தலை, கிளை மேல் ஏறி மறுபக்கம் வழுக்கி இறங்கும். தரையிலும் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். மரம், படகுத்துறை, சிறு கற்கள், அடர்த்தி குறைந்த புதர் எல்லாவற்றிலும் குறைசொல்ல முடியாதபடி வேலை செய்வதால், ஒரே ஒரு ஜிக்தான் வாங்க முடியும் என்பவருக்கு இதுவே பரிந்துரைக்கப்படுகிறது. ஃபிளிப்பிங் ஜிக் பெரும்பாலும் இந்தத் தலையின் கனத்த உருவமே. முள் தடிமனாகவும் காப்பு அடர்த்தியாகவும் இருக்கும்.

சரளைக் கல்லும் பாறையும் நிறைந்த ஆழமான தரைக்கு ஃபுட்பால் தலை. அமெரிக்கக் கால்பந்து விளையாட்டின் பந்து குறுக்கே படுத்ததுபோல, முள்ளுக்குச் செங்குத்தாக இருபுறமும் நீண்ட தலை இது. இழுக்கும்போது கல் மேல் முன்னோக்கி உருண்டு எழும், முள்ளும் வாலும் தரையிலிருந்து மேலெழும்பும், பிறகு மீண்டும் படியும். கிரேஃபிஷின் நடையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் தலை வேறில்லை. சிறு கல்லிடுக்கில் கூரான தலை செருகிக்கொள்ளும், அகன்ற தலை மேலேயே நின்றுவிடும் என்பது இன்னொரு சாதகம். மிசௌரி, ஆர்கன்சாஸ் எல்லையை ஒட்டிய ஓசார்க் மலைப்பகுதி நீர்த்தேக்கங்கள் போன்ற கல்தரை ஏரிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. மரக்கிளைக்குள்ளும் களைக்குள்ளும் இதே அகலம்தான் வினையாகும். கவையில் மாட்டினால் எளிதில் வராது. செடியில் புகுந்தால் கொத்தோடு அள்ளிக்கொண்டு வரும். தலையையும் முள்ளையும் வளையத்தால் இணைத்து, முள் தனியே ஆடும்படி செய்த வகையும் உண்டு. பாறைத் தரையில் இடைவிடாமல் சுழற்றி இழுப்பதற்கு அது உகந்தது.

ஹைட்ரில்லாவும் பிற நீர்ச்செடிகளும் மண்டிய ஏரிக்குக் கூம்புத் தலை வேண்டும். மூக்கு கூர்ந்து, நரம்பு கட்டும் வளையம் மூக்கின் நுனியிலேயே இருக்கும். செடியின் தண்டுகளை விலக்கிக்கொண்டு போகும், அதே வழியில் திரும்பி வரும். புளோரிடாவின் ஒக்கிசோபி ஏரியில் இருப்பதுபோல ஆகாயத்தாமரையும் களையும் மேலே கூரையாகப் படர்ந்திருந்தால், அதைத் துளைத்து இறங்க 1 அவுன்சுக்கும் கூடுதலான எடை தேவைப்படும். அந்த இடத்தில் குஞ்சம் சிறுத்தும் வால் ஒடுங்கியும் இருக்க வேண்டும். விரிந்த கொடுக்குள்ள வால் கூரையிலேயே தங்கிவிடும்.

தரையைத் தொடாமல் நீர் நடுவே நீந்த வைப்பதற்கான ஜிக் நீச்சல் ஜிக். தலை மெலிந்து, மீன் தலை போலக் கூர்ந்திருக்கும். காப்பு மென்மையாக இருக்கும். வீசியதும் சீராகச் சுழற்றி இழுத்தால் செடிகளின் மேல்பகுதியை உரசியபடி சிறுமீன் போல வரும். மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில், விஸ்கான்சினின் லா கிராஸ் வட்டாரத்தில் இந்த முறை நன்கு வேரூன்றியது. அவ்வூர்க்காரரான டாம் மான்சூர் போட்டிகளில் இதைக் கையாண்டு பெயர்பெற்றார். இதே குடும்பத்தில் தலைக்கு முன்னால் உலோகத் தகடு தொங்கும் வகையும் உண்டு. இழுக்கும்போது தகடு இருபுறமும் அடித்துக்கொண்டு அதிரும். மீன்கள் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பால் நீரின் அதிர்வை உணர்வதால், கலங்கிய நீரில் தகட்டு ஜிக் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தன் இருப்பைத் தெரிவித்துவிடும்.

மீன் மிரண்டிருக்கும் நேரத்துக்குச் சிற்றுருவ ஜிக். உருண்டைத் தலை, மெல்லிய முள், கத்தரித்துக் குட்டையாக்கிய குஞ்சம். எடை கால் அவுன்சை ஒட்டியிருக்கும். தெளிந்த நீர், குளிர்ந்த நாள், தூண்டில்காரர் கூட்டம் மிகுந்த ஏரி ஆகியவை இதற்கான இடங்கள். இதைவிட மெலிந்தது முடி ஜிக். நாரைகளின் இறகு என்று பெயர்பெற்று, இப்போது கோழி, வான்கோழி இறகிலிருந்து கிடைக்கும் மாராபூவால் கட்டிய 1/16 முதல் 1/8 அவுன்ஸ் ஜிக்குகளுக்குக் காப்பு கிடையாது. பேரேரிகளின் தெளிந்த நீரில் சிறுவாய் பாஸுக்கு இவை வீசப்படுகின்றன. இழுப்பு நின்றாலும் இறகு மட்டும் நீரோட்டத்தில் அசைந்துகொண்டே இருக்கும். சிலிகானால் இந்த அசைவைத் தர முடியாது.

வளையத்தின் கோணம்

தலையின் வடிவத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, நரம்பு கட்டும் வளையம் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது. வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இடமும் இதுவே. வளையம் மூக்கு நுனியில், முள்தண்டின் நேர்கோட்டிலோ அதிலிருந்து 30 டிகிரி வரை நிமிர்ந்தோ இருந்தால், இழுப்பு நேராக மூக்கு வழியே செல்லும். செடிக்குள் போகவும் நீந்தவும் அது ஏற்றது. வளையம் தலையின் மேற்பகுதியில் 60 டிகிரி அளவில் நின்றால், இழுப்பு தலையை மேல்நோக்கித் தூக்கும். கிளை, கல் இவற்றின் மேல் ஏறிக் கடக்க அது உதவும். செங்குத்தாக, 90 டிகிரியில் நிற்கும் வளையம் படகுக்கு நேர் கீழே இறக்கி ஆட்டுவதற்குப் பொருத்தமானது. நிமிர்ந்த வளையமுள்ள ஜிக்கைக் களைக்குள் இழுத்தால் வளையத்துக்கும் மூக்குக்கும் இடையிலான பள்ளத்தில் செடி சிக்கிக்கொள்ளும். தலை கூம்பாக இருந்தும் களையை வாரிவரும் ஜிக்கில் பெரும்பாலும் வளையத்தின் இடம்தான் தவறாக இருக்கும்.

எடை

எடையின் வேலை ஜிக்கை அடியில் சேர்ப்பது மட்டுமல்ல. ஜிக் எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. பாஸ் பல நேரங்களில் ஜிக் விழும்போதே கொத்துவதால் இந்த வேகம் முக்கியம். நீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால், தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாத இந்த மீனின் செரிமானமும் அசைவும் மந்தமாகும். அப்போது மெதுவாக இறங்கும் இலகுவான ஜிக்குக்கே வாய்ப்பு அதிகம். கோடையில் நிலைமை மாறும். வேகமாக விழும் கனத்த ஜிக், யோசிக்க அவகாசம் தராமல் மீனைச் சீண்டிவிடும். பசியில்லாத மீனும் கடந்து ஓடும் பொருளைப் பாய்ந்து பிடிப்பது உண்டு.

பொதுவான கணக்கு இது. மூன்று மீட்டருக்குள் உள்ள கரையோர நீரில் கால் முதல் 3/8 அவுன்ஸ், அதாவது 7 முதல் 10.5 கிராம் வரை போதும். அதற்குமேல் ஆறு மீட்டர் வரை அரை அவுன்ஸ், 14 கிராம். அதைவிட ஆழத்துக்கு முக்கால் அவுன்ஸ், 21 கிராம். காற்றும் நீரோட்டமும் வலுத்தால் ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். ஜிக் தரையில் இருக்கிறதா என்பது கையில் தெரியாமல் போனால் எடை குறைவு என்று பொருள். ஒவ்வொரு கல்லிலும் சிக்கி நின்றால் எடை அதிகம் என்று பொருள். பெரிய குஞ்சமும் அகன்ற வாலும் நீரை எதிர்த்து விழுவேகத்தைக் குறைக்கும். ஆகவே ஒரே அரை அவுன்ஸ் ஜிக்கை வால் மாற்றியே வேகமாகவோ மெதுவாகவோ இறக்க முடியும்.

தலைக்கான உலோகம் ஈயமா டங்ஸ்டனா என்பதும் இங்கேதான் வருகிறது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், தூய டங்ஸ்டனுக்கு 19.3. எனவே அதே எடைக்கு டங்ஸ்டன் தலை கணிசமாகச் சிறுக்கும். சிறிய தலை களைக்குள் எளிதாக நுழையும். ஈயம் மென்மையானது, தரையில் பட்ட அதிர்ச்சியைத் தானே விழுங்கிவிடும். டங்ஸ்டன் கடினமானது; கல்லா, மண்ணா, சிப்பி ஓடா என்பதைக் கைக்கு அனுப்பிவிடும். விலை மட்டும் பல மடங்கு. ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகுவதால் சிறு பட்டறையிலும் வீட்டிலும் அச்சில் ஊற்றி வார்க்கிறார்கள். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கும் மேல் வேண்டும் என்பதால் அதை ஊற்ற முடியாது. தூளாக்கி அழுத்திச் சூடேற்றி இறுக்க வேண்டும். அதனால்தான் ஈய ஜிக்கில் உள்ளூர் வடிவங்கள் எண்ணற்றவையாகவும் டங்ஸ்டனில் குறைவாகவும் இருக்கின்றன.

ஈயத்துக்கு எதிராகச் சட்டமும் சேர்ந்துகொண்டது. நீர்ப்பறவைகள் அரைவைப்பைக்குள் இரையை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். அப்போது அறுந்து கிடக்கும் ஈயக் குண்டும் ஜிக் தலையும் உள்ளே போகின்றன. அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிகளில் வாழும் லூன் பறவைகள் இப்படி ஈய நஞ்சேறி இறப்பது பதிவானதை அடுத்து, மாசசூசெட்ஸ் மாநிலம் 2012 முதல் உள்நாட்டு நீர்நிலைகளில் 1 அவுன்சுக்குக் குறைந்த ஈயக் குண்டுகளையும் ஈய ஜிக்குகளையும் தடை செய்தது. நியூ ஹாம்ப்ஷயரும் 2016-ல் 1 அவுன்ஸ் வரையிலான ஈய ஜிக்குகளின் விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்தியது. அப்பகுதிகளில் டங்ஸ்டன், பிஸ்மத், தகரம் ஆகியவற்றிலிருந்தே தேர்வு செய்ய வேண்டும்.

முள்ளும் காப்பும்

முள்ளின் தடிமன், அதை இழுக்கப்போகும் கோலோடும் நரம்போடும் ஒத்துப்போக வேண்டும். அடர்ந்த களைக்குள் 50 முதல் 65 பவுண்டு பின்னல் நரம்பும் விறைப்பான ஏழு, ஏழரை அடிக் கோலும் பயன்படும். பின்னல் நரம்பு நீளாது. சுண்டி இழுக்கும் விசை முழுவதும் முள்ளுக்குப் போகும். மெல்லிய முள் அந்த விசையில் நிமிர்ந்துவிடும். ஃபிளிப்பிங் ஜிக்கில் 4/0, 5/0 அளவில் தடித்த முள் இருப்பது இதற்காகவே. சிற்றுருவ ஜிக்கின் நிலை நேரெதிர். அதை 8 முதல் 12 பவுண்டு புளோரோகார்பன் நரம்பிலும் மென்மையான கோலிலும் வீசுகிறார்கள். அங்கே தடித்த முள் இருந்தால் மீனின் தாடையில் ஏறவே ஏறாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆர்க்கி, ஃபுட்பால் ஜிக்குகளுக்கு 15 முதல் 20 பவுண்டு புளோரோகார்பன் பொருந்தும். அது நீரில் மூழ்கும், உராய்வைத் தாங்கும், கண்ணுக்கும் எளிதில் தெரியாது.

முள்ளின் வாயகலமும் பார்க்கத்தக்கது. முள்முனைக்கும் தண்டுக்கும் இடையிலான வெளி குறுகலாக இருந்தால், தடித்த பிளாஸ்டிக் வால் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு மீன் தைக்காமல் நழுவும். முனை கூராக இருக்கிறதா என்பதை நகத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். வழுக்கினால் தீட்ட வேண்டும், பற்றினால் போதும்.

காப்பு என்பது தலையிலிருந்து முள்முனை நோக்கிச் சாய்ந்து நிற்கும் நைலான் நார்களின் கட்டு. கிளை மோதும்போது அது வளைந்து முனையைக் காக்கும். மீன் கவ்வும்போது மடங்கி வழிவிடும். கடையில் வாங்கிய நிலையில் பல ஜிக்குகளின் காப்பு தேவைக்கு மேல் விறைப்பாக இருக்கும். அதைச் சீர்செய்யக் கத்தரிக்கோல் போதும். நார்களின் நுனி முள்முனையைச் சில மில்லிமீட்டர் மட்டும் தாண்டும்படி கத்தரித்து, விசிறி போல இருபுறமும் பிரித்துவிட வேண்டும். திறந்த தரையிலும் சரளையிலும் வீசுவதற்குச் சில நார்களை அடியோடு வெட்டியெடுத்து மெலிதாக்கலாம். விரலால் அழுத்தினால் மெல்ல மடங்கி, விட்டதும் நிமிரும் காப்பே சரியானது.

குஞ்சமும் வாலும்

இன்றைய குஞ்சங்களில் பெரும்பாலானவை சிலிகான். புள்ளியும் பளபளப்பும் சேர்க்கலாம், பல நிறம் கலக்கலாம், வெயிலில் ஒட்டிக்கொள்ளாது. பழைய வட்ட ரப்பர் நார் நிறத்தில் ஏழை; ஆனால் குளிர்நீரிலும் விறைக்காமல் மூச்சுவிடுவதுபோல விரிந்து ஒடுங்கும். அதனால் குளிர்காலத்துக்கு அதை விரும்புவோர் இன்றும் உண்டு. குஞ்சத்தின் நீளம் முள்ளின் வளைவைச் சற்றே தாண்டினால் போதும். நீளமான குஞ்சம் உருவத்தைப் பெரிதாக்கி விழுவேகத்தைக் குறைக்கும். குட்டையானது உருவத்தைச் சுருக்கி வேகமாக்கும்.

ஜிக்குக்கு அசைவைத் தருவது பெரும்பாலும் வால்தான். நீர் குளிர்ந்திருக்கும்போது அசையாத, தட்டையான கட்டை வால் போதும். வசந்தத்தில் நீர் 15 டிகிரியைத் தாண்டி முட்டையிடும் பருவம் நெருங்கும்போது, மெதுவாக அசையும் கொடுக்குகள் உள்ள வால் பொருந்தும். கோடையில் வேகமாக அடித்துக்கொள்ளும் பெரிய கொடுக்கு வால் வேண்டும். நீச்சல் ஜிக்குக்குத் துடுப்பு வால் கொண்ட பிளாஸ்டிக் மீனோ இரட்டை வால் புழுவோ சேர்க்கிறார்கள். களைக்குள் இறங்கும் ஜிக்குக்கு அசைவைவிட ஒடுக்கமே முக்கியம் என்பதால் கொடுக்குகள் உடலோடு ஒட்டிய வால் தேர்வாகிறது.

நிறம்

நிறத்தில் நான்கு குடும்பங்கள் பெரும்பாலான ஏரிகளுக்குப் போதும். தெளிந்த நீருக்கும் சற்றே பசுமையான நீருக்கும் கருமை கலந்த பச்சை. பூசணி பச்சை என்று விற்பது இதுதான். கிரேஃபிஷ் மிகுந்த கல்தரைக்குப் பழுப்பு. கலங்கல் நீருக்கும் மங்கலான ஒளிக்கும் கருப்பும் நீலமும். சிறுமீன்களைத் துரத்தும் பாஸுக்கு நீச்சல் ஜிக்கில் வெள்ளை. கலங்கலில் கருப்பு எடுபடுவது, அதன் நிழலுருவம் மங்கிய நீரில் தெளிவாகத் தெரிவதால்.

பெருவாய் பாஸின் கண்ணைப் பற்றிய ஆய்வும் இந்தச் சிக்கனத்துக்குத் துணை நிற்கிறது. இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டபடி அந்த மீனின் விழித்திரையில் நிறமறியும் செல்கள் இரண்டே வகை. ஒன்று பச்சைக்கும் மற்றது சிவப்புக்கும் கூர்மையாக எதிர்வினை ஆற்றுபவை. சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிகிறது. ஆனால் கருப்பையும் நீலத்தையும், பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் பிரிப்பதில் தடுமாறுகிறது. கருப்பு ஜிக்கில் எத்தனை இழை நீலம் கலந்திருக்கிறது என்று கடையில் நின்று ஒப்பிடுவது மீனுக்கு அதிகம் பொருட்டல்ல. சரியான தலையும் எடையும் உள்ள ஜிக்கில் நிறம் சற்றுப் பிசகினாலும் மீன் கடிக்கும். மீன் நிற்கும் இடத்தையே எட்டாத ஜிக்கை எந்த நிறமும் காப்பாற்றாது.

தொடங்குவோருக்கு

ஒரு ஏரிக்குப் புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பெட்டி சுருங்கிவிடும். அடியில் இருப்பது கல்லா, மரமா, செடியா? மீன் நிற்கும் ஆழம் எவ்வளவு? நீர் தெளிவா, கலங்கலா? விடை எதுவாக இருந்தாலும் நான்கு ஜிக்குகள் பெரும்பாலான நிலைமைகளைச் சமாளிக்கும். மரத்துக்கும் படகுத்துறைக்கும் 3/8 அவுன்ஸ் ஆர்க்கி. ஆழமான கல்தரைக்கு அரை அல்லது முக்கால் அவுன்ஸ் ஃபுட்பால். செடிகளின் மேலே ஓட்ட 3/8 அவுன்ஸ் நீச்சல் ஜிக். மீன் மிரளும் நாளுக்குக் கால் அவுன்ஸ் சிற்றுருவ ஜிக். முதல் இரண்டும் பச்சையிலோ பழுப்பிலோ இருக்கலாம், நீச்சல் ஜிக் வெள்ளையில், சிற்றுருவம் பச்சையில். ஏரி கலங்கலானால் ஆர்க்கியில் மட்டும் ஒரு கருநீலம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். களை மண்டிய ஏரிக்குப் போகிறவர் கூம்புத் தலை அரை அவுன்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயன்படுத்தத் தொடங்கிய பிறகு ஜிக்கே திருத்தத்தைச் சொல்லித்தரும். மீண்டும் மீண்டும் கல்லில் சிக்கினால் எடையைக் குறைக்க வேண்டும், அல்லது தலையை அகலமாக்க வேண்டும். களையை வாரிவந்தால் வளையம் மூக்கில் உள்ள கூம்புத் தலைக்கு மாற வேண்டும். கொத்து தெரிந்தும் மீன் தைக்காவிட்டால் காப்பை மெலிதாக்கி, முள்முனையைச் சரிபார்க்க வேண்டும். மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போனால் குஞ்சத்தையும் வாலையும் குட்டையாக்க வேண்டும். இவை அனைத்தையும் செய்து பார்த்த பிறகும் பலனில்லை என்றால், அப்போது நிறத்தை மாற்றிப் பார்க்கலாம்.